சுண்ணாம்புன்னு நெனச்ச விரல்

சம்பத்துக்கு ஆம்பூர்ல தோல் பதனிடுற டேனரி ஒண்ணுல சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஆட்டுத்தோலை முக்கணும், புரட்டணும், மறுபடி முக்கணும். அந்த மனுஷன் சனிக்கிழமையானா கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, வயலின் பெட்டியோட வேலூர் பஸ் ஏறிடுவாரு. அங்க சர்ச் ஹால்ல இருபது பேர் சேர்ந்த ஆர்க்கெஸ்ட்ரா.

1954 டிசம்பர்ல கச்சேரி. ஷூபர்ட், பிராம்ஸ்னு நெஞ்சை உருக்குற மேல்நாட்டுப் பாட்டுங்க. ஒரு எடத்துல எல்லாரும் நிறுத்திடுவாங்க, சம்பத் மட்டும் தனியா எட்டு வரி வாசிக்கணும். பதினோரு வருஷம் பின்வரிசையில கிடந்தவருக்கு!

கடைசி ஒத்திகையில அந்த எட்டு வரியும் பிசகுது. "இன்னா சம்பத், விரல் லீவு போட்டுச்சா?"ன்னு மாஸ்டர் கேக்க, எல்லாரும் சிரிச்சாங்க.

பக்கத்து நாற்காலி அமிர்தவள்ளி சிரிக்கல. ஆஸ்பத்திரி நர்ஸு அவங்க, இங்க அவங்களும் வயலின்தான். ஒத்திகை முடிஞ்சதும் கையைப் புடிச்சாங்க. "அண்ணா, தந்தி அறுத்து ரத்தம் வருதே, வலிக்கலயா?"

"சுண்ணாம்பு தின்ன விரல்மா. தொட்டிக்காரன் எல்லாருக்கும் இப்படித்தான். ரெண்டு வருஷமா மரத்துக் கெடக்குது."

"கண்ணை மூடுங்க. பஞ்சால தொடுவேன், தொட்டா சொல்லுங்க."

மூடினாரு. காத்திருந்தாரு. "தொடும்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

"நாலு தடவை தொட்டுட்டேண்ணா."

சம்பத் கண்ணைத் தொறக்கவே இல்ல. அப்படியே, "குஷ்டமா?"ன்னாரு.

"அப்படித்தான் தோணுது. மாத்திரை இருக்குண்ணா, மேல பரவாம நிறுத்திடலாம். திங்கக்கெழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"போன உணர்ச்சி திரும்புமா?"

அமிர்தவள்ளி பஞ்சால விரல் ரத்தத்தைத் தொடச்சாங்க.

"நாளைக்கு ரங்கம்மா வர்றாம்மா. எம் புருஷன் தனியா வாசிக்கப் போறாருன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. நான் இன்னா பண்ணுவேன்?"

"வில்லைத் தந்தியில படாம இழுங்க. நான் வாசிக்கிறேன். பக்கத்துலதானே உட்கார்றோம், யாருக்கும் தெரியாது."

மறுநாள் ஹால் நெறைஞ்சிடுச்சு. அந்த எடம் வந்துச்சு. எல்லாரும் நிறுத்தினாங்க. சம்பத் வில்லைத் தூக்கி, தந்திக்கு ஒரு நூலளவு மேல, மெதுவா இழுத்தாரு. எட்டு வரியும், ஒண்ணு விடாம. பக்கத்துல தலையக் குனிஞ்சு அமிர்தவள்ளி வாசிச்சாங்க. ஐயோ, அப்படி ஒரு வாசிப்பு!

கைதட்டல்ல ஹாலே அதிருது. மூணாவது வரிசையில ரங்கம்மா அழுதுகிட்டே பக்கத்துப் பொம்பளை தோளைத் தட்டி, "அதோ, அவருதான்!"னு கை காட்டுறாங்க. சம்பத் எழுந்து நின்னு கும்பிட்டாரு.