பால் பைத்தானின் சட்டை

ராஜகிரி மலையைத் தாண்டி செஞ்சி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டைப்பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, போன் சார்ஜர். கத்திரி வெயில் அடித்து ஓய்ந்த சாயங்காலம். இரண்டு பக்கமும் பாறைகள் பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தன. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். "ஏறுப்பா, இன்னாத்துக்கு நடக்குற?"

நான் ஏறவில்லை. கோபத்தில் இருக்கும்போது நான் உட்கார மாட்டேன். உட்கார்ந்தால் யோசனை வரும், யோசனை வந்தால் திரும்பிப் போய்விடுவேன்.

திரும்பிப் போகக் காரணமும் இருந்தது. நான் விட்டுவிட்டு வந்த பண்ணை வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பாம்பின் இடது கண் மங்கிப்போய் இருந்தது. பழைய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இல்லை கண்ணே கெட்டுவிட்டதா என்று பார்க்க எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தைக் கேட்டதற்குத்தான் திருடன் என்று பேர் வாங்கினேன்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சூளை, போர்வெல் லாரி, பெங்களூரில் பரோட்டாக் கடை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். போர்வெல் லாரியில் ஒரு விரல் நசுங்கியது, அது இப்போதும் மடங்காது. இந்தப் பண்ணை வீட்டுக்கு மோட்டார் போடவும் மாமரத்துக்குத் தண்ணீர் விடவும்தான் சேர்ந்தேன். வீட்டுக்காரர் சென்னையில் டைல்ஸ் கடை வைத்திருந்தார், மாதம் ஒருமுறை வருவார். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். வீட்டில் இருந்தது அவருடைய அக்கா. அப்புறம் அந்தப் பாம்பு.

நம்ம ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் கேஸ். இது ஆப்பிரிக்கப் பாம்பு, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அண்ணன். விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். அதனால் இங்கிலீஷில் அதற்குப் பந்து என்றே பேர். பால் பைத்தான்.

வினை அந்தப் பேரில்தான் தொடங்கியது. அக்கா அதைப் பால் குடிக்கும் பாம்பு என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு டம்ளர் பாலில் மஞ்சளைக் கலந்து பெட்டிக்குள் ஊற்றுவார். பாம்பு அதை முகர்ந்துகூடப் பார்க்காது. சனிக்கிழமை பெட்டி புளித்து நாறும். ஞாயிற்றுக்கிழமை எறும்பு வரும்.

"பால் குடிக்காது அக்கா. எலிதான் துன்னும்."

"பேர்லயே பால் இருக்குது. உனுக்கு இன்னா தெரியும், ஏழாவது."

"அது வேற பால் அக்கா. ஃபுட்பால் ஆடுற பால்."

"ஆமா, பாம்பு ஃபுட்பால் ஆடுது. போய் மோட்டார நிறுத்து, தொட்டி வழியுது."

நாறின பெட்டியை யாராவது கழுவ வேண்டும் இல்லையா, அப்படித்தான் பாம்பு என் வேலையாக ஆனது. முதலில் அதற்குக் கீழே போட்டிருந்தது டைல்ஸ் வந்த பெட்டிப் பலகையை இழைத்த சுருள். மூக்கைத் துளைக்கும் பிசின் வாசனை. பாம்பு வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. யார் கண்ணிலும் அது படவில்லை. சுருளை அள்ளிக் கொட்டிவிட்டுப் பேப்பர் விரித்தேன், மூச்சு சரியானது. ஆனால் தோல் உரிக்க ஈரம் வேண்டும், பேப்பரில் அது நிற்காது. மில்லில் கடலைத்தோல் வாங்கிப் போட்டேன், பூஞ்சை பிடித்தது. உமி போட்டேன், அதன் முனை குத்தியது. போனில் வீடியோ பார்த்தேன். பேசுகிற பாஷை புரியாது, கை செய்வது புரியும். கடைசியில் தேங்காய் நார்த்தூள்தான் சரிப்பட்டது. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துப் போட வேண்டும். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, அதற்குள் மட்டும் கொஞ்சம் கூடுதல் ஈரம். பக்கத்தில் மூக்கை உரச ஒரு சொரசொரப்பான கல். கல்லுக்கா செஞ்சியில் பஞ்சம்.

அப்படிப் போட்ட பிறகு முதல்முறை தோல் உரித்தது. முதலில் கண் இரண்டும் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் போல ஆகிவிடும். அப்போது தொடக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது. சில நாளில் கண் தெளியும். அதற்கப்புறம் கல்லில் மூக்கை உரசி, காலுறையைப் புரட்டிக் கழற்றுகிற மாதிரி, முழுசாக வெளியே வந்தது. தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தலைப்பக்கம் கடிகாரக் கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன வட்டம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் இருக்கும் தோலும் சேர்ந்துதான் வரும், வந்தாக வேண்டும்.

அக்கா அந்தத் தோலை மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். அந்த மாதமே வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த பட்டா கைக்கு வந்தது. அதெல்லாம் தோலின் ராசி என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அடுத்த சட்டை எப்போது, அடுத்த சட்டை எப்போது என்று என்னைக் கேட்டபடியே இருந்தார்.

கத்திரி தொடங்கியதும் கண் மறுபடி நீலமானது. அந்த நேரம் பார்த்து, மேல்சித்தாமூரில் அண்ணனின் சிநேகிதர் வீட்டு மோட்டாரைப் பார்க்க இரண்டு நாள் அனுப்பினார்கள். ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பெட்டிக்குள் நார்த்தூள் இல்லை. டப்பா இல்லை, கல் இல்லை. ஜரிகை போட்ட அரக்குப் பட்டு விரித்திருந்தது. மேலே ஃபேன் ஓடியது. பாம்பின் முதுகில் காய்ந்த தோல் துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. இடது கண் சுருங்கின கண்ணாடிப் பேப்பர் மாதிரி இருந்தது.

"இன்னா அக்கா இது?"

"சாமி குப்பையில படுக்கலாமா? புதுப் பட்டு, நானே வாங்கினேன்."

"தோல் எங்க?"

"பாதி கழட்டிட்டு நின்னுச்சு, பாவம். நான்தான் தலயப் புடிச்சி இழுத்து வுட்டேன். புள்ளைக்கு சட்ட கழட்டுற மாதிரி."

எனக்கு முதலில் சட்டை என்று பேர் வைத்தவன் மேல்தான் ஆத்திரம் வந்தது. சட்டை என்றால் யாரும் கழற்றிவிடலாம் என்றுதானே தோன்றும்? எந்தச் சட்டைக்குக் கண் இருக்கிறது?

"பீரோவத் தொறங்க அக்கா. தலப் பக்கம் மட்டும் பாக்கணும். கண்ணு ரெண்டு இருக்குதான்னு."

"வெள்ளிக்கெழம பீரோ தொறக்க மாட்டேன்."

"கண்ணு போயிடும் அக்கா. சாவியாச்சும் குடுங்க, பாத்துட்டு அப்படியே வெச்சிடுறேன்."

சாவி என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, பாம்பு கண்ணச் சொல்லி பீரோ சாவி கேக்குறியா? திருட்டுப் பயலே. பாவம்னு உள்ள வுட்டதுக்கு."

அடி வாங்கியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், அதற்கெல்லாம் இவ்வளவு ரோஷம் வந்ததில்லை. பட்டுத் துணியை உருவிப் போட்டேன். என் துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டிக்குள் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது அண்ணன் போன் செய்தார். "அக்கா மனசு சங்கடப்படுது தம்பி. வயசானவங்க. நீ ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடேன்."

"யாரு கேக்கணும் அண்ணே? பாம்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்து டீ குடிக்கும்போது மறுபடி போன் அடித்தது. இந்தமுறை அக்கா.

"டேய். நேத்து ரெண்டு கண்ணுன்னு சொன்னியே."

"ஆமா."

"காலைல பீரோவத் தொறந்து, கண்ணாடி போட்டுக்கினு அந்தத் தோலப் பாத்தேன். ஒண்ணுதான் இருக்குது. இன்னொரு எடம் கிழிஞ்சி ஓட்டையா இருக்குது."

அப்படியென்றால் இடது கண்ணுக்கு மேலிருந்த பழைய தோல் கண்ணிலேயே நிற்கிறது, கண் போகவில்லை. எனக்கு டீ உள்ளே இறங்கியது.

"நகத்தால சுரண்டாதீங்க. மஞ்சளும் வேணாம், எண்ணெயும் வேணாம். ஃபேன நிறுத்துங்க. என் துண்ட நனைச்சிப் புழிஞ்சி வெச்சிக்கினே இருங்க. நார்த்தூள் நான் எப்படியாச்சும் அனுப்புறேன், வந்ததும் டப்பாவ மறுபடி வைங்க. அதுவா வுழும். இல்லன்னா அடுத்த தடவ சேந்து வரும்."

"நீயே வந்து செய்யேன்."

"வரமாட்டேன் அக்கா."

"சாமிடா அது."

"சாமிக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

போனை வைத்துவிட்டார். திருடன் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

திண்டிவனம் ரோட்டில் ஒரு நர்சரியில் ஆள் தேடுகிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். போனேன். நாற்றுப் பைக்கு மண்ணும் நார்த்தூளும் கலந்து ரொப்புகிற வேலை. அங்கிருந்த அம்மா, "இன்னா தெரியும் உனுக்கு?" என்று கேட்டார். "நார்த்தூள் அலசத் தெரியும்" என்றேன். இதற்கெல்லாம் ஒருவன் பெருமையாகச் சொல்வானா என்பது போலப் பார்த்துவிட்டுத் தொட்டியைக் காட்டினார்.

முதல் தொட்டியை மூன்று தண்ணீரில் அலசினேன். செடிக்கு இவ்வளவு வேண்டாம் என்றார் அந்த அம்மா. இது செடிக்கு இல்லை என்று சொல்லி, ஒரு பை கேட்டு வாங்கி, ஒரு பிடி அழுத்திப் பார்த்து ரொப்பினேன். பண்ணை வீட்டு வழியாகப் போகும் டவுன் பஸ் கண்டக்டரிடம் அந்த வீட்டு கேட்டில் இறக்கிவிடச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வந்து இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்தேன்.