துரைகளுக்கு ஒதுக்கிய பெஞ்சு

கோயில்பிள்ளை வேலை என்றால் மணி அடிப்பது மட்டும்தான் என்று ஊர் நினைக்கிறது. பெஞ்சு துடைப்பதும், கிண்ணம் கழுவுவதும், குழி வெட்டுவதும் அவன்தான் என்பது, என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியும். நான் மாட்டிக்கொண்டது மலாயாவில் லாபிஸ் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பலகை வேதக்கோயிலில்.

பெஞ்சு

முன்னால் பிரம்பு பின்னிய பெஞ்சுகள் வெள்ளைக்காரத் துரைகளுக்கு. அடுத்து மரப்பெஞ்சுகள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் குடும்பங்களுக்கு. ரப்பர் பாலுக்கு மரப்பட்டை வெட்டும் ஜனங்களுக்குக் கடைசியில் பாய். துரைகள் வருவதோ கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். மற்ற ஞாயிறுகளில் அந்தப் பெஞ்சுகளைத் துடைத்துத் துடைத்து என் கைதான் தேய்ந்தது.

ஒரு ஞாயிறு, மரம் வெட்டும் ரூத்து, நிறைமாதக்காரி, பாயில் உட்கார முடியாமல் தவித்தாள். முன் பெஞ்சில் உட்காரச் சொல்லட்டுமா என்று கிராணி ஆசீர்வாதத்திடம் கேட்டேன். கோயில் காரியங்களைப் பார்ப்பவர் அவர். நம் ஆள், நம் பாஷை. காலி பெஞ்சைப் பார்த்தபடியே சொன்னார்: "தொரைங்க திடீர்னு வந்துட்டா எங்கப்பா உக்காருவாங்க?"

கிண்ணம்

நற்கருணைக்கு எல்லாருக்கும் ஒரே கிண்ணம். முதலில் துரைகள், பிறகு கிராணிமார், கடைசியில் பாய்க்காரர்கள். புதிதாய் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் மனம் பொறுக்காமல், கிறிஸ்துமஸ் அன்று பாயிலிருந்து ஆரம்பித்தார். துரைகள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். பின்னாலேயே கிராணிமாரும். அடுத்த மாதம் பழைய வரிசையே திரும்பிவிட்டது. ஆசீர்வாதத்தின் மனைவி எனக்கு விளக்கம் சொன்னார்: "நாங்க சாதி பாக்கலப்பா, வியாதிதான் பாக்குறோம்."

குழி

ரூத்தின் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில் ஜுரத்தில் போய்விட்டது. கல்லறையிலும் அதே வரிசைதான்: மேட்டில் துரைகள், நடுவில் கிராணிமார், பள்ளத்தில் தோட்டத்து ஜனங்கள். மழைக்காலம். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது. மேட்டில் இடம் ஏராளமாகக் கிடந்தது. ஆசீர்வாதத்திடம் ஓடிப்போய்க் கேட்டேன். பெஞ்சுக்குச் சொன்ன பதிலைத்தான் சொன்னார்.

வாளியால் இறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. தண்ணீரிலேயே அந்தச் சின்னப் பெட்டியை இறக்கினேன். அன்று எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. ரூத்து அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மோட்சத்துலயும் எம்புள்ளைக்குப் பாயிதானாண்ணே?"

மறுபடியும் பெஞ்சு

அடுத்த ஞாயிறு அவள் நேராகப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுப்பச் சொல்லி ஆசீர்வாதம் எனக்குக் கண் காட்டினார். நான் மணிக்கயிற்றை விடவே இல்லை. அன்று அடித்த மணி பக்கத்துத் தோட்டம் வரை கேட்டிருக்கும். கடைசியில் அவரே போய் அவள் முன்னால் நின்றார். அவள் நிமிராமலே சொன்னாள்: "தொரைங்க வந்தா எந்திரிச்சுக்கிறேங்க."

ஈஸ்டருக்குத் துரைகள் வந்தார்கள். ரூத்து சொன்னபடியே எழுந்து பாய்க்குப் போனாள், அவள் விட்ட இடத்தில் மட்டும் கடைசிவரை யாருமே உட்காரவில்லை.