கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கிசுகிசுப்பு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. ரலிட்ஸா கதை கட்டுகிற பெண் இல்லை. என்னிடம் அவளே சொன்னது.

பல்கேரியாவில், ரொடோபி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ரலிட்ஸா அப்போது பத்தாம் வகுப்பு. அவள் அம்மா ஸ்பெயினில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஞாயிறுதோறும் போன் வரும். "எப்பம்மா வருவே?" என்று ரலிட்ஸா கேட்பாள். "நீ பத்தாவது பாஸ் பண்ணு, உன்னை இங்க கூட்டிக்கிறேன்" என்பாள் அம்மா.

மற்ற பாடமெல்லாம் தேறிவிடும். உலக வரலாறுதான் உயிரை வாங்கியது. படிக்காமல் இல்லை. கரும்பலகை முன்னால் நிற்கவைத்துக் கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டிக்கொண்டவருக்குக் கடைசிப் பெஞ்சிலிருந்து விடையைக் கிசுகிசுப்பது எங்கள் பள்ளிகளில் நட்பின் கடமை. ரலிட்ஸா அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்தவள். அவளுக்கு யாருமே கிசுகிசுத்ததில்லை. பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இல்லை, பாவம்.

"நாளைக்கும் ஊமைக்கோட்டான் மாதிரி நின்னே, ரெண்டுதான் போடுவேன். உன் வருஷம் போச்சு" என்று பாவ்லோவா டீச்சர் சொல்லிவிட்டார். இரண்டு என்றால் எங்களுக்கு ஃபெயில்.

டிசம்பர் மாதம். மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வெளியே கும்மிருட்டு. ரலிட்ஸா மட்டும், பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஸ்லாத்காவிடம் கெஞ்சினாள்.

"கொஞ்ச நேரம் அத்தை. நின்னு சொல்லிப் பாத்துட்டு ஓடிடறேன்."

"சொல்லு, சொல்லு. பெஞ்சுங்களாவது கேட்டுத் தேறட்டும்" என்று ஸ்லாத்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

ரலிட்ஸா கரும்பலகை முன் நின்றாள். டீச்சர் குரலில் தன்னையே கேட்டாள்.

"பிரெஞ்சுப் புரட்சி எந்த வருஷம்?"

வாய் பூட்டிக்கொண்டது. வெறும் பெஞ்சுகளுக்கு முன்னாலேயே!

"ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தொம்பது..."

கிசுகிசுப்பு. கடைசிப் பெஞ்சிலிருந்து.

பின்பக்க விளக்கு எரியவில்லை. அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் காலர் மட்டும் தெரிந்தது. பெரிய வகுப்புப் பெண் யாரோ என்று ரலிட்ஸா நினைத்தாள். அவளுக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் தனக்கும் ஒருத்தி கிசுகிசுக்கிறாள்!

"முதல் உலகப் போரை மூட்டின கொலை எங்க நடந்தது?"

"சரயேவோ..."

சரியான விடை. ஆனால் அறை ஏன் இப்படிக் குளிர்கிறது? சுவரோரம் 'டிக்... டிக்...' என்று சூடேறிக்கொண்டிருந்த வெந்நீர்க் குழாய் அடங்கிவிட்டது. ரலிட்ஸாவின் மூச்சு புகையாக வந்தது.

அந்தப் பெண்ணுக்குப் புகை வரவில்லை.

வெள்ளைக் காலர்... கறுப்புச் சீருடை... எங்கள் பள்ளியில் சீருடை ஒழிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"சோவியத் ஒன்றியம்... எப்ப கலைஞ்சது?"

சின்னச் சிரிப்பு. "அது கலையுமா? லூசு..."

ஓட வேண்டும். கால் வரவில்லை. வாய் தானாக அடுத்த கேள்விக்குப் போனது.

"பெர்லின் சுவர்... எப்ப விழுந்தது?"



க்ரீச்... பெஞ்ச் நகர்ந்தது.

"விழலையே."

"எண்பத்தொம்பது நவம்பர்ல... விழுந்துடுச்சு" என்றாள் ரலிட்ஸா.



"அப்ப... அந்தப் பக்கத்துலேருந்து எங்கம்மா வந்துட்டாங்களா?"

குரல் முதல் பெஞ்சில் கேட்டது.

ரலிட்ஸாவுக்கு அந்தக் கேள்வி தெரியும். ஞாயிறுதோறும் அவள் கேட்பதுதான். 'தெரியாது' என்று சொல்ல மனம் வரவில்லை.

"வந்துட்டாங்க. உன்னத்தான் தேடறாங்க. போ."

டக்... டக்... டக்டக்டக்... நடைவழியில் காலணிகள் ஓடின.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது.

மறுநாள் ரலிட்ஸா எல்லாக் கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னாள். "யாருடி உன் வாய்ப் பூட்டைத் திறந்தது?" என்று டீச்சரே வாயைப் பிளந்தார். வருஷம் பிழைத்தது.

வெளியே வந்தபோது பள்ளி வாசல் கதவில் ஸ்லாத்கா ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். செத்தவர்களின் படம் போட்ட நினைவுத்தாளை இப்படி ஒட்டுவதும், ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் எங்கள் வழக்கம்.

"அந்தக் காலத்துல உன் வகுப்பறையில படிச்ச பொண்ணுதான், நெவேனா. அம்மாக்காரி மேற்கு பெர்லினுக்கு ஓடிப்போனா. திரும்பி வர வழியில்லாமப் போச்சு. பொண்ணு எண்பத்தெட்டுல காய்ச்சல்ல போயிடுச்சு. சுவர் விழுந்தப்புறம்தான் அம்மாக்காரி வந்து சேர்ந்தா. வருஷா வருஷம் இவதான் தாளை ஒட்டுவா. வாசலோட போயிடுவா, உள்ள மட்டும் வரமாட்டா."

"இந்த வருஷம் ஏன் நீங்க ஒட்டறீங்க?"

ஸ்லாத்கா நகர்ந்து நின்றாள்.

தாளில் இரண்டு படங்கள். வெள்ளைக் காலர் போட்ட பெண். பக்கத்தில் ஒரு நரைத்த தலை.

"நேத்து சாயங்காலம் அவளும் போயிட்டா. நல்லாத்தான் இருந்தா. சூப் காய்ச்சிட்டிருந்தவ, 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே கதவைத் திறக்கப் போனாளாம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கா. வாசல்ல ஒருத்தரும் இல்லையாம்... மணி ஆறு நாற்பது."

"நான் அப்படிச் சொன்னதாலதானா?" என்று ரலிட்ஸா என்னைக் கேட்டாள். 

அதன்பிறகும் ஞாயிறுதோறும் ஸ்பெயினிலிருந்து போன் வந்தது. "எப்பம்மா வருவே?" என்று மட்டும் ரலிட்ஸா கேட்பதே இல்லை.