தொடையில் விழுந்த வலை

என் கொழுந்தன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, தன்னுடைய பெரிய லேப்டாப்பை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, ஒரு தோள் சாய அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததிலேயே அதன் கனம் தெரிந்தது. விளையாட்டுக்கென்றே செய்த சாமானாம். திறந்தால் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"மைனி, இதுல படிக்கவும் செய்யலாம்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கணக்குத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு அது பழக்கமாகிவிட்டது.

நாங்கள் அப்போது கரமனையில் வாடகை வீட்டில் இருந்தோம். மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்வரை தனியாகத்தான் இருப்பாள். முன்பெல்லாம் நான் வரும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப் வந்த பிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது. உள்ளறைக் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டியிருப்பாள். நான் கதவைத் தள்ளினால் போர்வையை இழுத்து மடியை மூடுவாள்.

"என்னட்டி மூடுத?"

"ஒண்ணுமில்லம்மா. விளையாடுதேன்."

"ஆருகூட?"

"ஒரு ஃப்ரெண்டு. கேம்ல உள்ளது. கொச்சில இருக்கான். என் வயசுதான்."

"நீ அவனப் பாத்திருக்கியா?"

"பாக்க ஒக்காதும்மா. எழுதத்தான் முடியும்."

பார்க்காத ஒருவனுக்கு என்ன வயசு என்று இவளுக்கு எப்படித் தெரியும்? இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லாத்துலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும் உனக்கு. ஆபீஸை ஆபீஸ்ல விட்டுட்டு வா."

நான் விடவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன். மகள் அடிக்கடி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கண்ணைக் கசக்கினாள். பிறகு ஃப்ராக் போடுவதை நிறுத்தினாள். மீன மாத வெக்கையில் வீட்டுக்குள்ளேயே முழுநீளப் பேன்ட் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "இதுதான் சுகம்" என்றாள். அந்த வெயிலில் எவளுக்கு அது சுகமாக இருக்கும்?

ஒருநாள் சாயங்காலம் திடீரென்று வேனல் மழை கொட்டியது. அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். அன்று எனக்கு அரை நாள் லீவு. துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். இடது தொடையின் மேல் பழுப்பு நிறத்தில், மீன் வலையை வைத்து அழுத்தி எடுத்தமாதிரி கோடுகள். வலது தொடையில் ஒன்றுமே இல்லை.

"இது என்னது மக்ளே?"

அவள் துண்டைப் பிடுங்கி மூடிக்கொண்டாள். "தெரியாதும்மா."

"ஆராவது ஏதாவது செஞ்சாவளா? அம்மாகிட்ட சொல்லு."

"தெரியாதுன்னேனே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டோக்காரர், பள்ளியில் உள்ள பெரிய வகுப்புப் பிள்ளைகள், பக்கத்து மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று ஒவ்வொரு முகமாக மனதில் வந்து நின்றது. கணவரிடம் சொன்னபோது அவரும் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு பேருமே லீவு போட்டு அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் நடுவயது மலையாளப் பெண். எங்களை வெளியே அனுப்பாமல், அவளையும் பயமுறுத்தாமல், விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

"சூடுவெள்ளப் பை வைக்காறுண்டோ?" என்று என்னைக் கேட்டார். வெந்நீர்ப் பை எங்கள் வீட்டிலேயே இல்லை என்றேன். விறகடுப்புக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்காரும் வயதானவர்களுக்குக் காலில் இப்படி வரும், குழந்தைக்கு ஏன் வந்தது என்று அவருக்கும் புரியவில்லை. சூடான எதையாவது தினமும் மேலே வைக்கிறாளா என்று மறுபடியும் கேட்டார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "லேப்டாப்."

"சூடான காற்று எந்தப் பக்கம் வரும்?" என்றார் டாக்டர்.

"இடது பக்கம். போர்வை போட்டா இன்னும் சூடாகும்."

கோடுகள் வந்ததை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். காட்டினால் லேப்டாப்பைப் பிடுங்கிவிடுவேன் என்றுதான் பேன்ட்டும் போர்வையும். டாக்டர் என் பயத்தைப் பார்த்து என் கையைத் தொட்டு, "பேடிக்கேண்ட. இது ஆரும் செய்ததல்ல" என்றார். மடியில் வைப்பதை நிறுத்தினால் மெல்ல மங்கும் என்றார்.

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. ஒரு விளையாட்டுச் சாமான் தோலில் வலை பின்னுமா? வீட்டுக்கு வந்ததும் நானே கட்டிலில் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, அவளை விளையாட்டைப் போடச் சொன்னேன். கார்கள் ஓட ஆரம்பித்தன. சற்று நேரத்தில் சேலையைத் தாண்டி இடது தொடை சுட்டது. இறக்கிவைக்கலாம் என்று ஓரத்தைத் தொட்டால் விரல் நுனி சுருசுருவென்றது.

"அது எப்பவும் அப்படித்தாம்மா. கிச்சுகிச்சு மூட்டும்" என்றாள்.

கரண்ட் கசிகிறதோ என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். மூன்று பின் உள்ள பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தோம். எர்த் கிடைக்கவே இல்லை. புதிய பிளக் பாயின்ட் போட்டு எர்த்தும் இழுத்த பிறகுதான் நான் அவளைச் சுவிட்சைத் தொடவிட்டேன்.

லேப்டாப் கூடத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. பிடுங்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். "பிடுங்குனா அடுத்ததையும் மறைப்பா" என்றார் கணவர். அது சரியாகப் பட்டது. தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்ததும் திரை அவள் கண்ணுக்கு நேராக வந்தது. தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கினார். நாற்காலியில் அவள் கால் தரையில் எட்டவில்லை, ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசையைத் திருப்பினோம். ஒரு ஆட்டம் முடிந்தால் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வரவேண்டும். ஹெட்போன் கிடையாது.

"இது கேமா, டியூஷனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் கழுத்தைப் பிடித்துக்கொள்வது குறைந்தது. பேன்ட்டும் அலமாரிக்குள் போனது.

அடுக்களையில் நின்றால் இப்போது திரை எனக்குத் தெரியும். ஒருநாள் காய் நறுக்குவதை விட்டுவிட்டு அவள் அருகே போய் நின்றேன். கொச்சிக்காரன் ஆங்கில எழுத்தில் மலையாளம் எழுதியிருந்தான். நீ ஏன் இப்போதெல்லாம் சீக்கிரம் போய்விடுகிறாய்? அடுத்த வரி, வீட்டில் தனியாகவா இருக்கிறாய்? அவள் காரைத் திருப்புவதில் மும்முரமாக இருந்தாள், பதில் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி மறுபடியும் வந்தது.

"கொஞ்சம் நகரு" என்றேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். நான் இவளுடைய அம்மா. உன் அம்மாவைக் கூப்பிடு, பேசவேண்டும்.

அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

மகள் என்னோடு சரியாகப் பேச ஒரு வாரம் ஆயிற்று. "பாவம், அவன் பேடிச்சிருப்பான்" என்றாள். என் கணவர் யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குத் தினமும் வீட்டுக்கு போன் செய்தார்.

ஓணம் வருவதற்குள் கோடுகள் மங்கி, தெரிந்தவர்கள் தேடினால்தான் தெரியும் என்று ஆனது. பிறகு அதுவும் போனது. மகள் இப்போது நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். அந்தக் கொச்சிக்காரன் பேச்சு வந்தால் இன்றும் எங்களுக்குள் சண்டைதான்.

"பதினோரு வயசுப் பையன்கிட்ட போய் அம்மாவக் கூப்பிடுன்னா, அவன் ஓடாம என்ன செய்வான்?" என்பாள்.

"பதினோரு வயசுப் பையன் வீட்ல தனியாவா இருக்கன்னு ரெண்டு தடவ கேப்பானாட்டி?" என்பேன்.