"ம்" கொட்டாத மனுசன்

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியதும் தாதிப் பிள்ளை என்னிடம் சொன்னாள்: "அம்மா, கண்டி போய்ச் சேருமட்டும் ஐயாவோட கதைச்சுக்கொண்டே இருங்கோ. மயங்க விடாதேங்கோ."

கதைக்கவா? நானா? இந்த மனுசன் என்னைக் கதைக்க விட்டால்தானே! எங்கள் ஊரான சல்லிக் கடற்கரையில் இவர்தான் கதைகாரர். காற்றடித்துக் கடலுக்குப் போக ஏலாத நாட்களில், வலை தைக்கிற ஆட்கள் எல்லாரும் இவரைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். இவர் சொல்லச் சொல்ல அவர்கள் "ம்" கொட்ட வேண்டும். "ம்" நின்றால் போச்சு. "கேக்க ஆளில்லாமக் கதைக்க எனக்கென்ன விசரோ?" என்று பாதியில் எழும்பிப் போய்விடுவார். ஆனால் இவர் மற்றவர்களுக்கு ஒரு "ம்" கொட்டி நான் கண்டதில்லை. குசினிக்குள் அடுப்படியில் நின்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் சுவர்தான் கேட்கும்.

அன்று காலையில் என் கையிலிருந்து தேத்தண்ணியை வாங்கியவர் அப்படியே சரிந்தார். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது, கண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு சொல்லும் வரவில்லை.

எங்கள் ஊரில் பேசுவதும் கதைதான், யானையைப் பற்றிப் புளுகுவதும் கதைதான். வேறொன்றும் வாயில் வராமல் இவருடைய யானைக் கதையையே எடுத்தேன். இளந்தாரியாக இருந்தபோது சைக்கிளில் கருவாட்டுச் சாக்கோடு தம்பலகாமத்துக்கு வியாபாரத்துக்குப் போன கதை. கடைசியில் கொம்பன் யானை விலகி வழிவிடும், இவர் வீடு வந்து சேருவார்.

"பாதைக்குக் குறுக்கால யானை நிண்டுதெல்லோ," என்றேன்.

"ம்," என்றார்.

அவர் எனக்குக் கொட்டிய முதல் "ம்" அது.

"சாக்குக்குள்ள தும்பிக்கையை விட்டுது."

"ம்."

"கருவாட்டு மணத்துக்குத் தும்மி, உங்களை முழுக்க நனைச்சுப்போட்டுது."

"ம்."

அதே தம்பலகாமத்து வயல்கள் கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. "ம்" மெலிந்துகொண்டே வந்தது. கோபம் வந்தாலாவது முழிப்பார் என்று வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன். "கொம்பன் யானை எண்டது பச்சைப் பொய். அது ஒரு சின்னக் குட்டி, ஆட்டுக்குட்டியளவுதான்!"

என் விரலை இறுக்கிப் பிடித்தார். கோபம்தான்.

"ஏசுங்கோ! எழும்பி என்னை ஏசுங்கோவன்!" என்று கதறினேன்.

கந்தளாய் தாண்டியபோது பிடி தளர்ந்தது. "ம்" நின்றுவிட்டது. நான் நிப்பாட்டவில்லை. குட்டியைத் திரும்பப் பெரிதாக்கினேன். கொம்பு வைத்தேன். இன்னொரு யானையையும் கூட்டிவந்து பாதையில் நிறுத்தினேன். ஐயோ, ஒன்றே ஒன்று கொட்டுங்கோ என்று கெஞ்சினேன். தாதி அவர் நெஞ்சை அமத்தினாள், விடாமல் அமத்தினாள். வியர்த்து வழிய, கடைசியில் கையை எடுத்து என் தோளில் வைத்தாள்.

"காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ. ஐயா போயிட்டார்."

"எப்பிடிப் பிள்ளை காணும்? யானை ரெண்டும் இன்னும் பாதையை விட்டு விலகேல்லை. இவர் எப்பிடி வீட்டை வாறது?"