குவைத்துக்குப் போன ஓடிபி

தாம்பரத்தில் சனிக்கிழமை பின்னிரவில் பஸ் ஏறியபோது என் கைப்பை என்றைக்கும் இல்லாத அளவுக்கு லேசாக இருந்தது. ஆதார், லைசென்ஸ், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் என் மகள் போனுக்குள் ஏற்றிவிட்டு, என் பருத்த பர்ஸைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இதுவே செல்லும்மா, எங்க கேட்டாலும் காட்டு" என்றாள். "போன் தண்ணியில விழுந்தா நான் யாருன்னு யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன். போகிற காரியமும் பெரிதல்ல. தங்கை மகளின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க உள்ளங்கை அளவுப் பீங்கான் பொம்மைகள் வேண்டும். சென்னையில் கேட்ட விலைக்குத் தலை சுற்றியது. செய்கிற ஊருக்கே போய் வாங்கிவிடலாம் என்று விருத்தாசலத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி. உளுந்தூர்பேட்டையில் இறங்கி, பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு விருத்தாசலம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மங்கலம்பேட்டையில் பஸ் நிறைந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கறுப்புப் புர்கா, மடியில் பிளாஸ்டிக் ஃபைல். டிக்கெட் வாங்கிய கையோடு ஃபைலைத் திறந்தாள். ஒருமுறை துழாவினாள், மறுபடி துழாவினாள். "யா அல்லா" என்றாள், அழுகிற குரலில்.

"என்னம்மா ஆச்சு?"

"டீச்சர் வேலைக்கு எக்ஸாம்க்கா. ஹால் டிக்கெட் இருக்குது, ஆதார் கார்டு இல்ல. அது மாமி பையில இருக்குது. மாமி அந்தப் பையோட பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க."

அவள் பெயர் ஜரீனா. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் எல்லாருடைய அட்டையும் தொலைந்துவிடக் கூடாதென்று மாமியார் ஒரே பையில் வைத்திருக்கிறார். அந்தம்மா எங்கே போனாலும் குடும்பமே கூடப் போகிறது என்று சொல்லலாம். ஒன்பதரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. "இந்த வாட்டி பாஸ் பண்ணிட்டா எங்க வூட்டுக்காரரு ஊருக்கே வந்துடறேன்னு சொல்லியிருக்காருக்கா" என்றாள்.

நேற்று ராத்திரி வரைக்கும் போன் அட்டையைத் திட்டிக்கொண்டிருந்த நான், ஏதோ நானே கண்டுபிடித்தது போல என் போனை எடுத்துக் காட்டினேன். "இதுக்கா அழற? போன்லயே எறக்கிடலாம்டி."

"தெரியும்க்கா. ஆனா ஓடிபி குவைத்துக்குப் போயிடும்."

அவளுக்கு ஆதார் எடுத்தபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு நம்பர், கணவர் சலீமுடையது. அந்த நம்பரோடு அவர் விமானம் ஏறிவிட்டார். இப்போது குவைத்தில் ஒரு பேக்கரியில் வேலை. அடுப்படிக்குள் போனால் போன் வெளியே அலமாரியில். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, "எங்க வூட்டுது சவூதிக்குப் போவுது" என்றார். யாரோ சிரித்தார்கள். ஜரீனா சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு விருத்தாசலம். என் பொம்மை எங்கே போய்விடும்? அவளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். பரீட்சை நடக்கும் பள்ளிக்கு எதிரே ஒரு நெட் சென்டர் திறந்திருந்தது. கடைக்காரர் நிதானமான மனிதர். "ஆதார் நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றார்; ஜரீனா மனப்பாடமாகச் சொல்லச் சொல்லத் தட்டினார். ஓடிபி போயிற்று. ஜரீனா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஓடிபி காலாவதியாகி, இரண்டாவது அனுப்பி, அதுவும் வீணாயிற்று. "கேட்ல கெஞ்சிப் பாக்கறேன். அவரு கூப்ட்டா பேசுங்கக்கா" என்று போனை என் கையில் திணித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் போன் அடித்தது. கடைக்காரர் சட்டென்று மூன்றாவது ஓடிபியை அனுப்பினார். நான் பரபரப்பில் எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் வெடித்தது. "யாரு நீ? என் பொண்டாட்டி போன் ஒன்கிட்ட எப்டி வந்துச்சு? ஞாயித்துக்கெழம விடியக்காலையில ஓடிபி வரும்போதே நெனச்சேன். போலீஸ்ல சொல்லிடுவேன்!" இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் திருடி என்ற பட்டம். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குக் கோபமும் வந்தது, அந்த மனிதர் செய்தது சரிதானே என்றும் பட்டது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று ஊரே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஜரீனா முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். கேட்டில் நின்ற அதிகாரி, "போன்ல இருந்தா செல்லும்மா, ஆனா உள்ள போன் கூடாது. பிரிண்ட் எடுத்துட்டு வாங்க" என்றாராம். நடந்ததைச் சொன்னேன். போனைப் பிடுங்கிக் கூப்பிட்டாள்; கடைக்காரர் இன்னொரு ஓடிபி அனுப்பினார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"நீ ஜரீனாதானா? யாராவது மெரட்டிப் பேச வெக்கிறாங்களா? போன வாட்டி நான் கொண்டாந்த செண்டு பாட்டில ஒடச்சது யாரு, சொல்லு!"

"நீங்கதான் மச்சான்! ஒடச்சிட்டுப் பழிய எம்மேல போட்டீங்க! எனக்கு எக்ஸாமு, கேட்ட மூடப் போறாங்க, நம்பரச் சொல்லுங்க!"

ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னார். திரையில் அவள் முகத்தோடு அட்டை வந்து நின்றது. "அப்பாடா!" என்று முதலில் கத்தியது நான்தான். பத்து ரூபாய்க்கு அச்செடுத்துக்கொண்டு ஓடியவள், பாதி ரோட்டில் திரும்பி வந்து போனை என்னிடமே கொடுத்தாள். "உள்ள விட மாட்டாங்க. வெச்சிருங்கக்கா." ஒன்றரை மணி நேரப் பழக்கம். அவள் கேட்டுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தரை மணிக்குப் பொம்மைக் கடை. வாத்து, யானை, கையளவு அகல் விளக்கு, ஒரு பக்கம் மின்சாரப் பெட்டிக்கான வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ்கள். யானை ஒன்று இருபது ரூபாய் என்றார்கள். பேரம் பேசிப் பதினெட்டுக்கு அறுபது எடுத்தேன். வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜரீனாவின் போன் அடித்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க. திருடின்னு நெனச்சிட்டேன்."

"பரவால்ல தம்பி. உங்க பொண்டாட்டி உள்ள போயிட்டா."

"போயிட்டாளா?" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் இங்க வந்து பதினோரு வருசம் ஆச்சுக்கா" என்றார். நான் அடுத்த யானையை எடுத்து வைக்கோலில் வைத்தேன்.

பள்ளி வாசலுக்குத் திரும்பிக் காத்திருந்தேன். ஒரு மணிக்குப் பிறகு ஜரீனா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "கணக்கு எல்லாமே போட்டுட்டேன்க்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே கணவரைக் கூப்பிட்டாள். நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, மொதல் வேலையா ஆதார்ல இவ நம்பரப் போடச் சொல்லுங்க."

"நாளைக்கே மாத்தட்டும்க்கா. ஆனா ரேஷனையும் கேஸையும் மாத்த வேணாம்."

"அது எதுக்கு?"

"அரிசி வாங்குனா எனக்கு மெசேஜ் வரும். சிலிண்டர் வந்தா வரும். இன்னிக்கு வூட்ல என்ன நடக்குதுன்னு அத வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன். நான் ஊருக்கு வர வரைக்கும் அது வந்துட்டுப் போவட்டும்."

"சரி மச்சான், அத மாத்தல" என்றாள் ஜரீனா.

மாலை பஸ்ஸில் யானைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே தாம்பரம் வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. "எங்கயாவது கார்டு கேட்டாங்களாம்மா?" என்றாள் மகள். "என்னை ஒருத்தரும் கேக்கலடி" என்றேன்.

மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்தது. போனில் வந்த செய்தியை வழக்கம்போலப் படிக்காமலே அழிக்கப் போனவள், நிறுத்தி முழுதாகப் படித்தேன். மங்கலம்பேட்டையில் சிலிண்டர் இறங்கும் நாளில் குவைத்தில் ஒருவர் இதே வரியைப் படித்துவிட்டு மாவு பிசையப் போவார்.