எதிர்க் காலேஜில் என் தம்பி

பாளையங்கோட்டையில் எங்கள் காலேஜ் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் காலேஜில் எங்கள் வீட்டார் ஒருவரும் படித்ததில்லை. ஆனாலும் அதற்கு ஃபுட்பால் ஆட்டம் என்றால் அப்பா கடலுக்குப் போகமாட்டார். அம்மா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

தம்பிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. எதிர்க் காலேஜில் சேர்ந்தான். இன்று கடைசி நேரத்தில் கோல் போட்டு எங்களைத் தோற்கடித்ததும் அவன்தான்.

எல்லோரும் தூத்துக்குடிக்குத் திரும்பும்போது, யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் பக்கத்து ஆள் அப்பாவிடம் கேட்டார்: "அந்தக் கோலைப் பாத்தீயளா அண்ணாச்சி? யாரு பெத்த புள்ளையோ."

"தெரியாது" என்றார் அப்பா.

பின்சீட்டில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாந்தான் பெத்தேன். அடுத்த ஆட்டத்துல அவன் கோல் போடக்கூடாதுன்னு மெழுகுவர்த்தி ஏத்தப்போறதும் நாந்தான்."

அந்தக் கோலுக்கு நான் கைதட்டியது இன்னும் வீட்டில் தெரியாது. நீங்களாக இருந்தால் சொல்லுவீர்களா?